நூற்றுப் பத்தொன்பதுக்கு ஒரு பெயர்

சூலூர் ரெபேக்காவின் மகள், பிறந்த முதல் வருஷம் நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி நேரமும், இரண்டாம் வருஷம் பன்னிரண்டு மணி நேரமும், மூன்றாம் வருஷம் ஆறு மணி நேரமும் இந்த உலகத்தில் இருந்தாள். நான்காம் வருஷம் மூன்று மணி நேரம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஜூலை ஒன்பதாம் தேதியும் அவள் இருக்கும் நேரம் முந்தைய வருஷத்தில் சரிபாதியானது. மீதி நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது, ஏனென்றால் அவளைப் பொறுத்தவரை இடைவெளி என்று ஒன்று இல்லை. இன்று சிரிக்கத் தொடங்கி மறைந்தால், நாளைக் காலை ஒன்பது இருபதுக்கு மறைந்த அதே இடத்தில் வந்து மீதிச் சிரிப்பைச் சிரிப்பாள்.

ரெபேக்கா பல்லடத்தில் ஒரு மிஷன் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கணவன் வின்ஸ்டன் கோயம்புத்தூரில் பம்ப் வார்க்கும் ஒரு பவுண்டரியில் இருந்தான். இந்தக் குழந்தைக்கு முன்னால் அவர்களுக்கு இரண்டு பேர். முதலாவதுக்கு ஏழாம் மாசத்திலேயே ஹெப்சிபா என்று பெயர் வைத்து, துண்டில் அந்தப் பெயரைப் பூத்தையலும் போட்டுவைத்தார்கள். அது எட்டாம் மாசத்தில் உயிரில்லாமல் வந்தது. இரண்டாவதுக்குப் பிறந்த அன்றே ஜோயல் என்று பெயரிட்டார்கள். அவன் மூன்று நாள் இருந்தான். சூலூர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு சின்னச் சிலுவைகளிலும் பெயர் இருந்தது. எனவே 2008 ஜூலை ஒன்பதாம் தேதி காலை ஒன்பது இருபதுக்கு மூன்றாவது பிறந்து, வின்ஸ்டன் பேப்பரும் பேனாவுமாக வந்து நின்றபோது, ரெபேக்கா முடியாது என்றுவிட்டாள்.

அவள் சொன்ன காரணம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். புதிதாக ஒரு தனிமம் கண்டுபிடித்ததாக யாராவது அறிவித்தால், அது உண்மைதானா என்று உறுதியாகும்வரை அதற்குச் சொந்தப் பெயர் கிடையாது. அதுவரை அதன் எண்ணே அதன் பெயர். பூஜ்யத்துக்கு நில், ஒன்றுக்கு உன், ஒன்பதுக்கு என் என்று இலக்கத்துக்கு ஓர் அசை. அசைகளைக் கோர்த்து வாலில் 'இயம்' சேர்த்தால் தற்காலிகப் பெயர் தயார். ஆஸ்பத்திரியின் அந்த வருஷத்துப் பிரசவப் பதிவேட்டில் குழந்தையின் வரிசை எண் நூற்றுப் பத்தொன்பது. ஒன்று, ஒன்று, ஒன்பது.

"உனுனென்னியம்," என்றாள் ரெபேக்கா.

வின்ஸ்டன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். "உன், உன், என். அப்ப ரெண்டு பங்கு உனக்கு, ஒரு பங்கு எனக்கா?"

"ஒரு வருசம் பொறுங்க. ஒரு வருசம் நம்ம கையில இருந்துட்டான்னா நீங்க சொல்ற பேரையே வெச்சர்லாம்."

அவன் பொறுத்தான். பிறப்புச் சான்றிதழில் பெயர் என்ற இடம் காலியாக வந்தது. பதினைந்து வயது முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். பெயரில்லாததால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. கொங்கு நாட்டில் பெண் குழந்தை என்றால் கண்ணு, அம்மணி, பாப்பா என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிடலாம். பக்கத்து வீட்டு உம்மல் குல்சும் அம்மணி என்றாள், பால்காரர் பாப்பா என்றார், ரெபேக்கா மட்டும் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை நன்றாக வளர்ந்தது. முதல் பிறந்தநாள் வியாழக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று போதகரிடம் சொல்லியாயிற்று. கேக் வெட்டி, வந்தவர்களை அனுப்பிவிட்டு, வின்ஸ்டன் குழந்தையை மடியில் வைத்திருந்தபோது இரவு ஒன்பது இருபது ஆனது. மடி லேசாயிற்று. அவ்வளவுதான்.

போலீசில் சொன்னார்கள். மறுநாள் காலையில் சப் இன்ஸ்பெக்டர் வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, உம்மல் குல்சும் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, வின்ஸ்டன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியின்மேல் குழந்தை வந்து உட்கார்ந்தது, உடுத்திய கவுனோடு, உதட்டில் கேக் பிசுக்கோடு. அவர் டீயைக் குடித்து முடித்தார். "குழந்தை கிடைத்துவிட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கோயம்புத்தூரில் இரண்டு பெரிய டாக்டர்கள் பார்த்து, ரத்தம், எலும்பு, மூளை எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடக்கவில்லை. "இன்னும் உறுதியாகலைங்க," என்றாள் ரெபேக்கா.

அந்த வருஷம் முழுக்கச் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருந்தாள். அடுத்த ஜூலையில் பன்னிரண்டு மணி நேரம் ஆறானபோது, தலைமையாசிரியை ஞானாபரணம் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கண்டிப்பானவர், நடந்ததைக் கேட்டுவிட்டு, அதில் நம்புவதற்கோ மறுப்பதற்கோ ஒன்றுமில்லை என்பதுபோல் டைம்டேபிளை எடுத்து வைத்துக்கொண்டார். வேதியியல் ஆய்வகத்தை ஒட்டி ஒரு தராசு அறை உண்டு. அமில வாடை வராமல் கண்ணாடிக் கதவு போட்ட அறை. குழந்தை ஒருநாள் அங்கே மறைந்தால் மறுநாள் அங்கேதான் வரும். ரெபேக்காவுக்கு எந்த வருஷமும் முதல் பாடவேளை வைக்க வேண்டாம் என்று அவர் எழுதினார். அன்றிலிருந்து குழந்தை பல்லடத்தை விட்டு வெளியே போகவில்லை. சூலூர் வீட்டுத் தொட்டிலை மடித்துப் பரணில் போட்டார்கள். வின்ஸ்டன் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் மனைவியோடு கிழக்கே பல்லடத்துக்கு வந்து மகளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மேற்கே கோயம்புத்தூருக்குப் போனான். ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இது நடந்தது.

குழந்தைக்குப் பசியும் தூக்கமும் வளர்ச்சியும் இருக்கும் நேரக் கணக்கில்தான். முக்கால் மணி நேரம் இருந்த வருஷத்தில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை பால் கேட்டாள். ஒரு சளி பிடித்து ஏழு மாசம் இருந்தது. ரெபேக்கா ஒருநாள் கரும்பலகையில் ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்தாள். எவ்வளவு தூரம் கூட்டினாலும் அது இரண்டுக்குப் பக்கத்தில் போகுமே தவிர இரண்டைத் தொடாது. மகளுக்கு எந்தக் காலத்திலும் இரண்டு வயது நிறையாது என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. பலகையை அழித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். வின்ஸ்டனிடம் சொல்லவில்லை.

மகள் பிறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தபோது, நூற்றுப் பதின்மூன்று முதல் நூற்றுப் பதினெட்டு வரையிலானவற்றில் பெயரில்லாமல் இருந்த நான்கு தனிமங்களுக்கும் சொந்தப் பெயர் வந்தது. ஆய்வகச் சுவரில் தொங்கிய அட்டவணையில் ரெபேக்காவே நான்கு துண்டுக் காகிதங்களை ஒட்டினாள். செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு வின்ஸ்டன் பஸ்ஸில் அவள் பக்கம் திரும்பினான். "இதுல எதாச்சும் ஒண்ணு ஒரு நிமிசம் தங்குச்சா ரெபேக்கா?"

"இல்லீங்க."

"நம்ம புள்ள அஞ்சு நிமிசத்துக்கு மேல இருக்கறா."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். காரணம்பேட்டை தாண்டும்வரை அவன் பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு கேட்கவில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. அப்போது அவள் இருந்தது நாளுக்கு நாற்பத்திரண்டு நொடி. சூலூர் கோயம்புத்தூர் மாவட்டம், பல்லடம் திருப்பூர் மாவட்டம், எல்லையில் தடுப்பு. பள்ளியின் காவலாளி வேலுமணி மட்டும் கேட்டை ஒட்டிய அறையில் தங்கியிருந்தார். முதல் நாள் காலையிலேயே அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தராசு அறையைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். பத்து மணிக்கு ரெபேக்காவுக்குப் போன் வந்தது.

"வந்துச்சுங்க டீச்சர். உங்களத்தான் தேடுச்சு. அம்மா அம்மான்னு கதவு பக்கமா ஓடுச்சுங்க. நாந் தூக்குனனுங்க, என்ற மீசையப் புடிச்சு இழுத்துப்போட்டுப் போயிருச்சு."

"அழுதாளா?"

"அழுவலீங்க," என்றார் வேலுமணி. கொஞ்ச நேரம் கழித்து, "அழுதுச்சுங்க," என்றார்.

வின்ஸ்டன் இ-பாஸுக்கு எழுதிப்போட்டான். யாரைப் பார்க்க என்ற கேள்விக்கு மகளை என்று எழுதினான். மகளின் பெயர் என்ற கட்டத்தில் விரல் நின்றது. ரெபேக்கா சொன்னபடி உனுனென்னியம் என்று அடித்தான். விவரம் போதவில்லை என்று திரும்பி வந்தது. மூன்று தடவை எழுதினான், மூன்று தடவையும் திரும்பியது. நான்காம் நாள் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகவே போய்விட்டான். தடுப்பில் நின்ற காவலர் தன்மையாகத்தான் கேட்டார்.

"பாப்பா ஆஸ்பத்திரியில இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார். ஸ்கூல்ல."

"ஸ்கூலெல்லாம் மூடியாச்சுங்களே. ஆதார், பேரு, எதாச்சும் காட்டுங்க."

காட்டுவதற்கு அவனிடம் காலியிடம் விட்ட ஒரு பிறப்புச் சான்றிதழ்தான் இருந்தது. திரும்பி வந்து பைக்கை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றான். "ஒரு பேரு," என்றான். "ஒரே ஒரு பேரு வெச்சிருந்தா இந்நேரம் நான் எம் புள்ளகிட்ட இருப்பேன்." பன்னிரண்டு வருஷத்தில் அவன் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.  

பதினெட்டு நாள் குழந்தை அழுதது. அவள் கணக்கில் அது பன்னிரண்டு நிமிஷம். பிறகு வேலுமணியின் மீசையும் விசிலும் பழகிப்போய், மே மாதம் நடுவில் ஒரு காலை அவர் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அவர் விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மஞ்சள் கவுனோடு அவளைப் பாயில் கிடத்தினார். அறுபத்தெட்டு நாள் கழித்து, ஜூன் முதல் தேதி எல்லை திறந்தபோது ரெபேக்காவும் வின்ஸ்டனும் ஓடி வந்து கண்டது தூங்குகிற குழந்தையை. மறுநாளும் தூங்கினாள். அதற்கு மறுநாளும். ஜூலையில் நாற்பத்திரண்டு நொடி இருபத்தொன்றானது, அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எந்தக் குழந்தையும் தூங்குகிற தூக்கம்தான், இரண்டு மணி நேரம். அது எப்போது முடியும் என்று ரெபேக்காவுக்குக் கணக்கு தெரியும்.

"எழுப்பட்டுமா?" என்று வின்ஸ்டன் கேட்டான். பாயின் அருகே முழங்காலிட்டிருந்தான். "ஒரே ஒருக்கா கண்ணத் தொறந்து பாக்கட்டும். அப்பான்னு சொன்னாப் போதும்."

"வேண்டாங்க. அரைத் தூக்கத்துல எழுப்புனா அழுவா. அப்புறம் அத்தன நாளும் அழுவறதத்தான் பாப்போம். தானா முழிச்சுக்குவா."

சரி என்று அவன் கையை இழுத்துக்கொண்டான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தான்; கடைசி மூன்று நாள் பேசவில்லை. பையில் சுற்றிக் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஐந்து பேருக்குத்தான் அனுமதி. உம்மல் குல்சுமின் கணவர் சிக்கந்தரும் அவர் மகனும் ஆளுக்கொரு கயிறு பிடித்து இறக்கினார்கள். மறுநாள் ஒன்பது இருபதுக்கு ரெபேக்கா தராசு அறையில் இருந்தாள். குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டுப் போனாள்.

2021 பிப்ரவரி பாதியில் ஒரு புதன்கிழமை அவள் கண் விழித்தாள். எழுந்து உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். தலையில் புதிதாக வந்திருந்த நரையைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் "அப்பா?" என்றாள்.

இருபத்தொரு நொடியில் அதற்கு என்ன சொல்வது என்று ஆறு மாசமாக ரெபேக்கா யோசித்து வைத்திருந்த எதுவும் அப்போது வரவில்லை. "வருவாங்க, கண்ணு," என்றாள், கண்ணாடிக் கதவைக் காட்டி. குழந்தை கதவைப் பார்க்கத் தொடங்கினாள். பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தாள். அந்தப் பத்து நிமிஷம் இருபத்தெட்டு நாள் நடந்தது. இருபத்தெட்டு காலைகளிலும் ரெபேக்கா அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுப்பியிருக்கலாம். அழுதிருந்தால் அழுதிருப்பாள். அவன் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். பெயர் வைத்திருந்தால் அறுபத்தெட்டு நாளும் அவன் இங்கே இருந்திருப்பான். இருபத்தொன்பதாம் நாள் குழந்தை கதவை விட்டுவிட்டு அம்மாவின் வளையலைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் பிறகு கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது ரெபேக்காவுக்கு.

பத்து நொடியான வருஷத்தில், அள்ளி எடுத்து ஒரு முத்தம் கொடுக்க நேரம் இருந்தது. ஐந்து நொடியான வருஷத்தில் தூக்கினால் இறக்க நேரமில்லை. இடுப்புயரத்தில் மறைந்து மறுநாள் அந்தரத்தில் வருவாள். ஒருநாள் அப்படி வந்தவளை ரெபேக்கா மயிரிழையில் பிடித்தாள். அதன்பின் தூக்குவதை விட்டாள். பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு காத்திருப்பாள்.

2023 ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குத் தனிம அட்டவணை நடத்திக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் இருக்கும் கனமான தனிமங்கள் ஆய்வகத்தில் ஓரிரு அணுக்களாக உண்டாகி உடனே சிதைந்துவிடும், அவை விட்டுப்போகும் தடத்தை வைத்துத்தான் வந்ததே தெரியும் என்று சொன்னாள். இரண்டாம் பெஞ்சில் லோகப்பிரியா என்ற பெண் எழுந்தாள்.

"டீச்சர், ஒரு நொடிகூட இல்லாம போறதுக்கு எதுக்குங்க டீச்சர் பேரு?"

"வந்துச்சில்ல," என்றாள் ரெபேக்கா, பலகையிலிருந்து திரும்பாமலே. "தங்குனதுக்கா பேரு வெக்கறாங்க? வந்ததுக்குத்தான்."

சொல்லிவிட்டுச் சாக்பீஸைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள்.  அவள் திரும்பவில்லை, தோள் மட்டும் ஆடியது. நாற்பது பெண்களும் சத்தமில்லாமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளியில் ஒன்பது இருபதைப் பற்றித் தெரியாதவர்கள் யாருமில்லை.

அடுத்த திங்கட்கிழமை சூலூரில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே பிரீத்திகா என்ற சின்ன வயசுப் பெண் சான்றிதழை வாங்கித் தேதியைப் பார்த்தாள்.

"பதினஞ்சு வருசம் முடியறதுக்குப் பதிமூணு நாள்தானுங்க மேடம் இருக்குது. இத்தன வருசமா ஏனுங்க விட்டுப்போட்டீங்க?"

"இருப்பாளான்னு தெரியலீங்க."

பிரீத்திகா நிமிர்ந்து பார்த்தாள். "பொண்ணு வந்திருக்குதுங்களா?"

"வந்துட்டுப் போயிட்டா, அம்மணி. இன்னைக்குக் காலையில."

விண்ணப்பத்தை ரெபேக்கா பக்கம் நகர்த்தினாள் அந்தப் பெண். தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதினாள் ரெபேக்கா. குழந்தையின் பெயருக்கு வந்தபோது, வருகிற ஜூலையில் இரண்டரை நொடி, அடுத்ததில் ஒன்றேகால், அதற்கடுத்து முக்கால்கூட இருக்காது என்று மனசில் ஓடியது. உனுனென்னியம் என்று ஒரு தடவை சொல்வதற்குள் போய்விடுவாள். கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். ரூத் என்று எழுதினாள்.

சான்றிதழ் வந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வின்ஸ்டனிடம் பெயரைச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். சிலுவைமேல் ஒரு ஓணான் இருந்தது. அது தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனது. அதை அவள் எதற்கும் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து ரூத் என்று கூப்பிட்டாள், நாளுக்கு ஒரு தடவை. குழந்தைக்கு அது தன்னைத்தான் என்று தெரியவில்லை. அதுவரை கேட்டுப் பழகியது வேறு. வெறுமே வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்று எண்பது தடவைக்குமேல் கூப்பிட்ட பிறகு, பொங்கல் விடுமுறையில் ஒரு காலை, கண் வளையலிலிருந்து மேலே வந்தது. மறுநாள் அம்மாவின் முகத்துக்கு வந்து சேர்ந்தது. வேலுமணிக்கு அப்போது பணிக்காலம் முடிந்திருந்தது. ஆனாலும் காலையில் வந்து கதவருகே நிற்பார். "திரும்பிருச்சுங்க டீச்சர்," என்று கத்தினார். ரெபேக்கா ஆம் என்றாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள்.

இப்போது ரூத் இருப்பது நாளுக்கு முக்கால் நொடியும் இல்லை. இரண்டு வயது நிறைய எட்டு நிமிஷத்துக்கும் குறைவாகவே பாக்கி. அந்தப் பாக்கி தீராது. அவள் இன்னும் அதே பாயில், அதே மஞ்சள் கவுனில் இருக்கிறாள். ஞானாபரணத்துக்குப் பின் வந்த இரண்டு தலைமையாசிரியைகளும் முதல் பாடவேளையில் கை வைக்கவில்லை. புதிதாகச் சேரும் ஆசிரியைகளுக்கு ஆய்வகச் சாவி எங்கே, தண்ணீர் மோட்டார் எப்போது போட வேண்டும் என்பதோடு இதையும் சொல்லிவிடுகிறார்கள்.

சென்ற வாரம் திங்கட்கிழமை ரெபேக்கா ரூத் என்று கூப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை குழந்தை வாயைத் திறந்தாள். புதன்கிழமை "அம்" என்றாள். வியாழக்கிழமை பல்லடத்தில் உள்ளூர் விடுமுறை, பள்ளி கிடையாது. ரெபேக்கா எட்டு மணிக்கே பஸ்ஸில் இருந்தாள்.